பட்டியலில் ஒரு பெயர்

“சீலன் அண்ணை, அவரைப் பாரிஸ் எயார்போர்ட்டில பிடிச்சு வைச்சிருக்கினம்!”

சிட்னியின் புறநகரான குவேக்கர்ஸ் ஹில்லில் சீலன் வீட்டுக் கதிரையில் தொப்பென்று விழுந்தாள் நிரஞ்சினி. நேற்றுத்தான் புருஷன் அருள்நேசனை, பாரிஸில் நடக்கும் அவன் தங்கையின் கல்யாணத்துக்கென்று சிட்னியில் விமானம் ஏற்றிவிட்டிருந்தாள்.

சீலன் நிமிர்ந்தான். “ஏனாம்?”

“ஐரோப்பிய நாடுகளெல்லாம் சேர்ந்து வைச்சிருக்கிற பயங்கரவாதிகள் லிஸ்டில இவரின்ர பேரும் பிறந்த திகதியும் கிடக்காம். சுடுற துவக்கைக் கண்டாலே நடுங்கிற மனுசன்! நீங்கள் ஒண்டாப் படிச்ச கூட்டாளிதானே, நல்லவரெண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ.”

“ஓம் தங்கச்சி, இப்பவே எழுதுறன்.”

பேனாவை எடுத்தான், எழுத்து ஓடவில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஜெர்மனியில் அகதி விண்ணப்பம் கொடுத்தபோது, கேஸ் பலமாக இருக்கட்டுமென்று, புலிகள் இயக்கத்தில் சண்டை பிடித்ததாக அளந்துவிட்டவன் அவன். சொந்தப் பெயரில் சொல்லப் பயந்து, மனப்பாடமாயிருந்த கூட்டாளி அருள்நேசனின் பெயரையும் பிறந்த திகதியையும் கொடுத்திருந்தான். பிறகு சொந்தப் பெயரிலேயே ஆஸ்திரேலியாவுக்கு வந்துவிட்டான்.

நிரஞ்சினி கண்ணைத் துடைத்தாள். “ஒரு நல்ல செய்தி அண்ணை. லிஸ்டில இருக்கிற கைரேகை இவரின்ர இல்லையாம். அந்தக் கை ஆரின்ர எண்டு தெரிஞ்சா, இவரை உடன விட்டிடுவினமாம்.”

சீலன் பேனாவை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டான்.