மூன்று கிலோ

எடை பார்க்கும் மெஷினில் அவர் ஏறியதும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

போன மாதம் செல்போன், சாவிக்கொத்து, வரும் வழியில் குடிக்க வைத்த ஒரு பாட்டில் தண்ணீர், எல்லாம் சேர்ந்தும் நாற்பத்தேழுதான். இன்று சட்டைப்பையில் ஒன்றுமில்லை. செருப்பைக்கூடக் கழற்றியாயிற்று.

முள் தடுமாறி ஐம்பதில் நின்றது.

நர்ஸ் சீட்டில் எழுதினாள்.

இவள் கணவனைப் பார்க்கவில்லை. வரிசையில் பின்னால் நின்ற பேச்சியம்மாளின் முகத்தைத்தான் பார்த்தாள்.

இரண்டு வீட்டு ஆண்களுக்கும் மாசி மாதம் ஒரே நாளில், ஒரே டாக்டர் இரைப்பையை எடுத்தார். காலையில் இவள் கணவன் கதிரேசன். மத்தியானம் பேச்சியம்மாளின் கணவன் சுடலைமுத்து. வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நெஞ்சுக்குழியில் ஆரம்பித்துத் தொப்புள்வரை ஒரே நீளத் தையல். ஒரு பிளாஸ்க் கஞ்சியை இரண்டு பெண்களும் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

வெட்டி எடுத்ததைப் பரிசோதித்து முடிவு வந்த அன்றோடு அந்தப் பங்கு முடிந்தது.

சுடலைமுத்துவுக்கு ஒரே இடத்தில் திரண்ட கட்டி. சுத்தமாக எடுத்தாயிற்று, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். கதிரேசனுக்கு வந்தது வேறு வகையாம். கட்டியாகத் திரளாதாம். மாவில் போட்ட உப்பு மாதிரி, கண்ணுக்குத் தெரியாமல் பரவுமாம்.

"எடுத்திருக்கோம். பார்க்கலாம்" என்றார்.

ஒருத்திக்குப் பயப்பட வேண்டாம். ஒருத்திக்குப் பார்க்கலாம்.

சுடலைமுத்து பீடி பிடித்தவர். சனிக்கிழமையானால் குடித்தவர். கதிரேசன் டீக்கடைப் பக்கம்கூட ஒதுங்காத மனுஷன். நல்ல வகையை அங்கேயும் பொல்லாத வகையை இங்கேயும் வைத்தது யார் என்று கேட்க அவளுக்கு ஆள் இல்லை.

மாதாமாதம் செக்கப்புக்கு வந்தால் பேச்சியம்மாள் புலம்புவாள்.

"உப்பு பத்தலன்னு தட்டைத் தள்ளிவிடுதாரு மதினி. தையில மக கல்யாணத்த வச்சுக்கிட்டு இந்த மனுசனோட ஒரே ரோதனை."

இவளுக்கு வயிறு எரியும்.

கல்யாணத்தைப் பார்த்து அல்ல. அந்தப் புலம்பலைப் பார்த்து. கட்டின புருஷனைச் சலித்துக்கொள்ளும் அளவுக்கு ஒருத்தியிடம் நாள் மிச்சம் இருக்கிறது. தை மாதம் என்று வாய் கூசாமல் சொல்கிறாள். இவள் வீட்டில் அடுத்த மாதக் காலண்டர் தாளைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை.

அதனால்தான் அந்த முள்.

ஒன்பது மாதமாக அவளுக்குத் தெய்வம், ஜாதகம் எல்லாமே அந்த முள்தான். இரைப்பை இல்லாத மனுஷன் ஒரு நேரத்துக்கு ஒரு கிண்ணத்துக்கு மேல் இறக்க முடியாது. இரண்டு மணிக்கு ஒருதரம் கொடுத்தாள். முளைகட்டின கேப்பைக் கூழ், முட்டை வெள்ளைக்கரு, குழைத்த பருப்பு. குழந்தைக்கு ஊட்டுவது போல ஊட்டினாள். சமயத்தில் திட்டியும் ஊட்டினாள்.

போன வாரம் வேட்டி முடிச்சு இறங்கி நின்றது. வயிறு லேசாகத் தெரிந்தது. "கும்முனு இருக்கு, இன்னிக்கு வேண்டாம்" என்று அவர் கிண்ணத்தைத் தள்ளினார்.

தொந்தி போட்டிருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம். அன்றைக்கே உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். போடும்போது நினைத்துக்கொண்டது பேச்சியம்மாளின் கண்களை.

இப்போது சுடலைமுத்து மெஷினில் ஏறினார்.

அறுபதரை. போன மாதத்தைவிட அரைக் கிலோ குறைவு.

பேச்சியம்மாள் கதிரேசனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன மதினி குடுக்கீக அண்ணனுக்கு?"

குரலில் ஒரு கசப்பு இருந்தது. இவள் அதைக் கற்கண்டுபோலச் சுவைத்தாள்.

"சும்மா, கூழுதான்."

முளைகட்டியதைச் சொல்லவில்லை.

உள்ளே டாக்டர் சீட்டைப் பார்த்தார். அவள் எதிர்பார்த்த மாதிரி சிரிக்கவில்லை. கதிரேசனைப் படுக்கச் சொல்லி வயிற்றைத் தட்டினார். ஒருக்களிக்கச் சொல்லி மறுபடியும் தட்டினார். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினார்.

விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

ஸ்கேனுக்குப் பதிவு செய்துவரச் சொல்லி அவரை அனுப்பினார். கதவு சாத்தியதும் இவள் பக்கம் திரும்பினார்.

"ஏறியிருக்கிறது சதை இல்லம்மா. வயித்துல தண்ணி கோத்திருக்கு. அது திரும்ப வந்து பரவியிருக்குன்னு அர்த்தம்."

அவள் தலையாட்டினாள்.

"அந்த வகை அப்படித்தான். நீங்க பாத்துக்கிட்டதுல குறை ஒண்ணுமில்ல."

அதற்கும் தலையாட்டினாள்.

மூன்று கிலோ. அவள் ஊட்டிய கூழில் ஒரு பொட்டும் அதில் இல்லை.

வெளியே கதிரேசன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வயிற்றின் மேல் கையைக் கோத்து, வீட்டுத் திண்டில் சாய்ந்த பெரிய மனுஷன் மாதிரி. பேச்சியம்மாளின் கண் அந்த வயிற்றிலேயே நின்றது.

"டாக்டர் என்ன சொன்னாரு மதினி?"

இவள் நிமிர்ந்து நின்றாள்.

"மூணு கிலோ ஏறியிருக்குன்னு சொன்னாரு."

பேச்சியம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. வெளிப்படையான, ஒளிவில்லாத பொறாமை. ஒன்பது மாதம் இவள் சுமந்த அதே முகம்.

இவள் போய்க் கணவனுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

இன்று உப்பு சுற்றிப் போட வேண்டாம் என்று தோன்றியது. அந்தக் கண் இன்னும் கொஞ்ச நேரம் அவர்மேல் இருக்கட்டும்.