சமுத்திரத்தின் சம்மதம்

துறைமுகம் வரப்போவது கிருபாபாயின் கடற்கரையில். அதற்கு மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டமோ, கடல் வாடையே எட்டாத ராஜபாளையத்துக் கல்யாண மண்டபத்தில்.

“கடற்கரையில காத்து ஜாஸ்திம்மா. மைக் இரையும்” என்றார் வாசலில் நின்ற அலுவலர்.

“நான் பேசணும் சார். எங்க வள்ளத்தை இழுத்துப் போட அந்தக் கரை ஒண்ணுதான் இருக்கு.”

“மீனவர் நாற்காலி எல்லாம் நிறைஞ்சிருச்சே! நீங்க பார்வையாளர் வரிசையில உக்காருங்க. பார்வையாளர் பேசக் கூடாது.”

உள்ளே போய்ப் பார்த்தால், மீனவர் நாற்காலிகளில் செம்மண் அப்பிய வேட்டியோடு பருத்திக்காட்டு ஆட்கள். தோளில் ஆளுக்கொரு புது வலை. ஒருவர் அதைத் தலைப்பாகையாகவே கட்டியிருந்தார்.

கிருபாபாய் முன்னால் இருந்தவரின் தோளைத் தொட்டாள். “அண்ணாச்சி, நீங்க எந்தக் கடக்கரை?”

“ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேக்க, மலையடிவாரம் தாயி. கடலை டி.வி.லதான் பாத்திருக்கேன்.”

“பொறவு எதுக்கு வந்திய?”

“பிரியாணின்னாவ. எம் பேரு வேற சமுத்திரமா, பேரைக் கேட்டதும் முத ஆளா பஸ்ல ஏத்திட்டாவ.”

அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். “ஒரு பொட்டலத்துக்கு எங்க கரையை வித்திராதிய!”

அவர் காதில் விழாதவர் போல, பிரியாணி வாசம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாதாவே, இந்த மனுசருக்கு நல்ல புத்தியைக் கொடு என்று ஜெபமாலையை உருட்டினாள் கிருபாபாய்.

மேடையில் அதிகாரி மைக்கைத் தட்டினார். “மீனவர் பிரதிநிதி சமுத்திரம்! துறைமுகத்துக்கு ஆட்சேபணை உண்டா?”

“இல்லைன்னு சொல்லும் மாமா” என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தான், ஆள் பிடித்து வந்த விக்னேஸ்வரன்.

சமுத்திரம் எழுந்து கும்பிட்டார். “சொல்லிருதேன்யா. ஆனா எங்க ஊர்ல ஒரு வழக்கம். கம்மாயைப் பத்தின பேச்சைக் கம்மாக்கரையில உக்காந்துதான் பேசணும். வேற எங்கன வச்சுப் பேசுனாலும் சாமி குத்தம்.”

“யோவ், இது கம்மாய் இல்ல, கடல்!” என்றார் அதிகாரி.

“கம்மாயை விடப் பெருசுங்காவளே? அப்ப குத்தமும் அம்புட்டுப் பெருசால்ல வரும்?”

மண்டபம் சலசலத்தது. தலைப்பாகைக்காரர் வலையை அவிழ்த்து, மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஏலே, எனக்குப் பேரன் பேத்தி இருக்கு. இந்த வெளையாட்டுக்கு நான் வரல!”

“பஸ்ஸைக் கடக்கரைக்கு விடுங்கய்யா. அங்கன வச்சுப் பேசுதோம்!” என்றார் இன்னொருவர்.

அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சாமி குத்தத்துக்கு அதில் விதி இல்லை. அவருடைய டிரைவரே மேடையேறி வந்து, “வேண்டாம் சார், நாம வேற மலைப் பாதையில போவணும்” என்று காதைக் கடித்தார்.

கடைசியில் மைக் இரைந்தது. “கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. மறு கூட்டம் கடற்கரையிலேயே நடக்கும்.”

கிருபாபாய் ஓடிப்போய்ச் சமுத்திரத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர்.

“உங்களைத் தப்பா நெனச்சிட்டேன் அண்ணாச்சி. இப்படி ஒரு வழக்கத்தைக் கொடுத்த உங்க கம்மாயை ஒருநாள் வந்து நான் கும்பிடணும்.”

“கம்மாயா? அதை மண்ணைப் போட்டுத் தூத்துக் கட்டடம் எழுப்பி வருசமாச்சு தாயி” என்றார் சமுத்திரம். “அதுக்குக் கருத்துக் கேட்ட கூட்டம் உங்க கடக்கரையிலதான் நடந்துச்சு. உங்க ஆளுவதான் பச்சைத் துண்டைப் போட்டுக்கிட்டு, ‘விவசாயிகளுக்கு ஆட்சேபணை இல்லை’ன்னு சொன்னாவ.”