மொச்சைத் தோல்

டப்பாவில் வரும் வெந்த மொச்சையைக் கண்டாலே என் கணவருக்குக் குமட்டும்.

"கொழகொழன்னு யாரோ மென்னு துப்பினது மாதிரி இருக்கு. வீட்லயே வேக வச்சா கை என்ன தேஞ்சா போயிடும்?"

தேய்வது அவர் கையில்லையே. காய்ந்த மொச்சையைக் கழுவி ஊறப்போட்டு, தட்டால் மூடி, கரப்பான் ஏறாமலிருக்க மேலே இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் இஸ்திரிப்பெட்டி வைத்தபடியே இருந்தது. தட்டைத் தூக்கினேன். தண்ணீர் நூல்நூலாக இழுத்தது. விரலை விட்டால் வாய்க்குள் விட்டது போல வெதுவெதுப்பு. ஒரு மொச்சையிலும் தோல் இல்லை. எல்லாம் சப்பிப் போட்டது போல வழவழவென்று கிடந்தன. உரிந்த தோலைப் பாத்திரத்துக்குள் துழாவினேன். ஒன்றுகூட இல்லை.

அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டுச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கணவர் பல்கூட விளக்காமல் எழுந்து வந்தார். கடைவாயில் நகத்தை விட்டு நோண்டி, ஒரு பழுப்புத் தோலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டோம்?"

ரொட்டியும் முட்டையும்தானே என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் பட்டது. அங்கே மெல்லிசாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.