குறை சொல்ல ஒன்றுமில்லை

குறை கண்டுபிடிக்கத்தான் அந்தப் புது சைக்கிளில் ஏறினேன்.

நூறு அடி போவதற்குள் தெரிந்துவிட்டது, கிடைக்காது என்று. மிதிக்கிற மிதி அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. நடுவில் எங்கும் சிந்தவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

நான் பந்தயம் ஓட்டிய காலத்தில் கிளப் எனக்குக் கொடுத்தது, யாரோ ஓட்டிக் கழித்த ஓட்டை சைக்கிள். மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் செயின் வழுக்கும். புதிது கேட்டால், முதலில் காலில் பலம் வரட்டும் என்பார் கோச். பலம் வந்தது. மூன்று கோப்பையும் வந்தது. சைக்கிள் மட்டும் வரவில்லை.

இப்போது அதே கிளப்பின் ஷெட்டில் நான் மெக்கானிக். புது சைக்கிளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டி, ஓட்டிப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். நாளை இதில் போட்டிக்குப் போகிறவள் என் தங்கை.

பாலத்து மேட்டில் வேண்டுமென்றே பெரிய கியரில் ஏற்றினேன். கொஞ்சம் திணறட்டும் என்றுதான். சனியன், மேடு என்று ஒன்று இருப்பதையே கண்டுகொள்ளாமல் ஏறியது. இறக்கத்தில் கைப்பிடியை விட்டேன். கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது. பிரேக்கை ஒற்றை விரலால் தொட்டேன். நினைத்த இடத்தில் நின்றது.

வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினேன். சைக்கிளை, கோச்சை, என்னை. என்னைத்தான் அதிகம்.

மூன்று வருடத்துக்கு முன் சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டினேன். ஊக்கமருந்து. நானாக வாங்கிச் சாப்பிட்டேன் என்று, கோச் சொன்னபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி போட்டியில் ஓட்டவே கூடாது என்று தடை போட்டார்கள். அன்று கோச் என் தோளைத் தட்டி, உன் தங்கச்சியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நன்றி வேறு சொல்லித் தொலைத்தேன்.

ஷெட்டுக்குத் திரும்பியபோது தங்கை புது ஜெர்சியில் வாசலில் நிலைகொள்ளாமல் நின்றாள். பக்கத்தில் கோச். எப்படி இருக்கிறது என்று இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

ஒரு குறையும் இல்லை என்றேன். அக்கா என்று அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கோச் தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, சைக்கிளில் அதற்கென்று இருக்கும் கம்பியில் செருகினார்.

"சத்துத் தண்ணிம்மா. குடிச்சிட்டு ரெண்டு சுத்து போயிட்டு வா, நாளைக்குக் கால் சும்மா பறக்கும்."

சிவப்பு மூடி. மூன்று வருடத்துக்கு முன், அந்தப் பரிசோதனைக்கு முந்தின நாள் எனக்குத் தந்த பாட்டிலுக்கும் சிவப்பு மூடிதான். சத்துத் தண்ணி என்றுதான் எனக்கும் சொன்னார்.

பார்த்துக்கொள்கிறேன் என்றாரே, பார்த்துக்கொள்கிற லட்சணம் இதுதான்.

பாட்டிலை உருவினேன். அவர் முகத்துக்கு நேராகவே நீட்டினேன்.

"மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க சார்."

அக்கா விளையாடுகிறாள் என்று நினைத்துத் தங்கை சிரித்தாள். அவர் பாட்டிலை வாங்கிக்கொண்டார். மூடியைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தாகமில்லை என்றார்.

தங்கை சிரிப்பதை நிறுத்தினாள்.