இடப்பக்கம் இழுக்கும் துப்பாக்கி

"அரை நூல் நகர்த்தறதுக்கு அஞ்சு வாரமா? உன்னையெல்லாம் வஸ்தான்னு கூப்பிடறாங்க பாரு."

கார்வான் மேசையைத் தட்டினான். புர்ஹான் நிமிரவில்லை. சுலைமானியா கடைவீதியில் துப்பாக்கி பழுதுபார்ப்பதில் அவனை மிஞ்சிய கைகாரன் கிடையாது. அதனால்தான் வஸ்தா என்ற பட்டம்.

"துரு பிடிச்சிருக்கு தம்பி. எண்ணெய் விட்டு ஊறப் போட்டிருக்கேன். ஓங்கி அடிச்சா உடைஞ்சிடும்."

மேசைமேல் ஒரு பழைய கைத்துப்பாக்கி. குறி பார்க்கப் பின்பக்கம் மேலே இருக்குமே, நடுவில் பள்ளம் வெட்டிய சின்ன இரும்புத் துண்டு, அது இடது பக்கம் ஒதுங்கியிருந்தது. சுட்டால் குண்டு ஒரு சாண் தள்ளிப் போகும்.

"பத்தடி தூரத்துல நிக்கிறவளைச் சுட குறி எதுக்கு சித்தப்பா?"

ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிதர் பெரியவர் திரும்பாமலே சொன்னார்.

"கோணல் ஆயுதத்தை நான் தொட மாட்டேன். முதல் குண்டு தப்பினா ஊர் சிரிக்கும்."

அவர் பார்வை எதிர்சாரி ரொட்டிக்கடையில் இருந்தது. அங்கே பலகைக்குப் பின்னால் நின்று ரொட்டி விற்பவள் பெரிவான். அவருடைய ஒரே மகள்.

அவர்கள் வழக்கப்படி அண்ணன் மகன் கார்வானுக்கே பேசி வைத்திருந்த பெண். போன வருஷம் ரொட்டிக்காரன் ஹேமினோடு போய்விட்டாள். கூட்டத்தார் கூடிய அன்று பெரியவர் எழுந்து, தன் தகப்பன் வைத்திருந்த இந்தத் துப்பாக்கிமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்: "என் மகள். என் கையால, இதாலதான். வேற எவனும் கிட்டப் போகக் கூடாது."

கடைவீதி முழுக்கத் தெரிந்த விஷயம்.

"இதை வேற ஆள்கிட்டக் கொடுத்துடலாம்" என்று கார்வான் அதைக் கையில் எடுத்தான்.

"வைடா கீழே" என்றார் பெரியவர். "என் அப்பன் துப்பாக்கி. அடுத்த சனிக்கிழமை வரலாம்."

கார்வான் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுக்கப் போனான்.

கடையில் இரண்டு பேர் மட்டும். புர்ஹான் டீயை அவர் பக்கம் நகர்த்தினான். அவரைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை. வாராவாரம் வந்து, கண் இமைக்காமல் பெற்ற மகளைக் குறி பார்க்கிற மனுஷன்.

"பெரியவரே, அந்தப் பொண்ணு வாயும் வயிறுமா இருக்கா."

"தெரியும். ஏழு மாசம். போன வாரத்துலேர்ந்து இடது கால் வீங்கியிருக்கு. ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுக்கத் தெரியலை அந்த மடையனுக்கு."

புர்ஹானுக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு கவனிக்கிற கண்ணுக்கு ஈரம் இல்லையே என்று நினைத்தான்.

அன்று சாயங்காலம் அவனே ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் ரொட்டிக்கடையில் வைத்துவிட்டு வந்தான். துப்பாக்கியை மட்டும் தொடவில்லை. உண்மையில் இந்த அஞ்சு வாரத்தில் அவன் அதன்மேல் ஒரு தட்டுக்கூடத் தட்டியிருக்கவில்லை. வாராவாரம் நாலு சொட்டு எண்ணெய், அதே பொய். கையாலாகாதவன் என்று கார்வான் ஊரெல்லாம் சொல்லி, இரண்டு வாடிக்கைகள் கையைவிட்டுப் போயின. போகட்டும் என்று இருந்தான்.

குழந்தை பிறந்தது. பெண். நாற்பது நாள் பெரிவான் கடைக்கு வரவில்லை. பெரியவர் அப்போதும் சனிக்கிழமை தவறாமல் வந்து, ஹேமின் ஒருத்தனே ரொட்டி விற்பதைப் பார்த்துவிட்டுப் போனார். டீ மேலே ஆடை கட்டிக் கிடக்கும்.

அறுவடை முடிந்து கார்வானுக்குக் கல்யாணமானது. வேறு பெண். அவள் வீட்டார் பெரிய இடம். அதன்பிறகு அவன் சுலைமானியா பக்கமே வரவில்லை. கூட்டத்தாரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை புர்ஹானுக்கு மனசு லேசாக இருந்தது.

"பெரியவரே, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். கோவிச்சுக்கக் கூடாது. நான் இதைத் தொடவே இல்லை. துருன்னு சொன்னதெல்லாம் பொய். இனிமே சுடச் சொல்லி உங்களை நெருக்க யாரும் இல்லை, பயமில்லை. அஞ்சு நிமிஷம், சரி பண்ணித் தந்துடறேன்."

எதிரே பெரிவான் ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு மறுகையால் ரொட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

புர்ஹான் துப்பாக்கியை வைஸ் இடுக்கியில் பொருத்தி இறுக்கினான். பித்தளைக் குச்சியை வைத்துத் தட்டினான். அசையவில்லை. ஓங்கித் தட்டினான். ம்ஹூம்.

'பொய்க்குச் சொன்னது நிஜமாகவே இறுகியிருக்கே' என்று கேஸ் விளக்கைப் பற்றவைத்துச் சுடரைக் காட்டினான். கொஞ்ச நேரத்தில் இரும்புத் துண்டுக்கு அடியிலிருந்து பளபளவென்று ஒரு சொட்டு உருண்டு வந்து மேசையில் விழுந்தது.

ஈயம்.

புர்ஹான் விளக்கை அணைத்தான்.

"பெரியவரே... துரு உருகாதே."

"ஆறட்டும். அப்படியே விட்டுடு வஸ்தா. சத்தியம் பண்ணினவன் அவ கடைப் படி ஏற முடியாது. இதுவும் சரியாயிட்டா சனிக்கிழமை நான் எதைச் சாக்கு சொல்லி இங்க வந்து உக்கார்றது?"

"இதுல ஈயம் ஊத்தினது யாரு?"

பெரியவர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான்தான். இங்க கொண்டு வர்றதுக்கு முந்தின நாள். நீ கெட்டிக்கார வேலைக்காரன்னு எல்லாரும் சொன்னாங்க. பயமா இருந்துச்சு."