பத்து மணி போன்

"கை கழுவியாச்சா?"

"கழுவியாச்சும்மா, கழுவியாச்சு!" என்றார் லேத்காரர், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு.

"சோப்பு போட்டா, இல்ல சும்மா தண்ணியில காட்டினீங்களா?"

லேத்காரர் அசடு வழிந்தபடி, சுவரைத் தடவிக்கொண்டு மறுபடி குழாயடிக்குப் போனார்.

விழித்திரை ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். மருந்து நேரம் போக, பகலெல்லாம் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும். வாலிபத்தில் லேத்திலிருந்து தெறித்த இரும்புச் சில்லு ஒரு கண்ணைக் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். இதுவும் போனால் பட்டறையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

காலையிலும் ராத்திரியிலும் மனைவி மருந்து விட்டுவிடுவாள். பகலில் அவள் வேலைக்குப் போனால் அவர் பாடு திண்டாட்டம். அந்த நேரம் பார்த்து, பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் டாணென்று இந்த அம்மாவின் போன் வந்துவிடும். இப்படி ஒரு ஆளை ஆஸ்பத்திரியில் எங்கேதான் பிடித்தார்களோ என்று லேத்காரருக்கு ஆச்சரியம்.

"முதல்ல ஒரு ரப்பர் பேண்டு போட்ட பாட்டில். முனை கண்ணுல, இமையில எங்கேயும் படக் கூடாது. ஒரே சொட்டு. கண்ணை மூடி, மூக்கு ஓரத்துல லேசா அழுத்திக்குங்க."

"ஆச்சு. அடுத்ததை விடட்டா?"

"அவசரத்துக்குப் பொறந்தவரே! அஞ்சு நிமிஷம் போகட்டும். இல்லேன்னா முன்னாடி விட்டதை இது கழுவிட்டுப் போயிடும்."

அந்த ஐந்து நிமிஷமும் அந்த அம்மா லைனிலேயே இருந்து, அவர் அளக்கிற பட்டறைக் கதைக்கெல்லாம் 'உம்' கொட்டுவார். தடவிப் பார்த்தே பாட்டிலை அடையாளம் காண ரப்பர் பேண்டு மாட்டும் யோசனையும் அவருடையதுதான். முப்பது வருஷம் மிஷினோடு மல்லுக்கட்டிய தனக்கு இது தோன்றவில்லையே என்று லேத்காரருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"நான் சொன்னா காதுல ஏறாது. போன்ல அந்தம்மா சொன்னா மட்டும் பெட்டிப் பாம்பா அடங்கிடுறீங்க" என்று மனைவி இடித்துக் காட்டுவாள். அவளுக்கும் உள்ளூர நிம்மதிதான்.

"இப்ப ரெண்டு ரப்பர் பேண்டு பாட்டில். நல்லாக் குலுக்குங்க."

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா? கண்ணுல சிவப்பு சுத்தமாப் போயிடுச்சுன்னு வீட்டுல சொல்றா. வலியும் இல்ல. இனிமே மருந்து எதுக்கு?"





"சிவப்பு போனா ஆறிடுச்சுன்னு அர்த்தமில்லீங்க." அந்த அம்மாவின் குரல் கம்மியிருந்தது. "டாக்டர் நிறுத்தச் சொல்ற வரைக்கும் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. எனக்காகன்னு வச்சுக்குங்க."

லேத்காரர் பாட்டிலைக் குலுக்கினார்.

ஒரு மாதம் கழித்து, டாக்டர் கண்ணைப் பரிசோதித்துவிட்டு முதுகில் தட்டினார். "கண்ணு தப்பிச்சுது! இவ்வளவு ஒழுங்கா மருந்து போட்டுக்கிட்ட ஆளை நான் பாத்ததில்லை."

 வெளியே வந்ததும் லேத்காரர் நர்ஸிடம் கேட்டார்: "தினமும் போன் பண்ற அம்மா எங்கே இருக்காங்க? அவங்க கையைப் பிடிச்சு ஒரு நன்றி சொல்லணும்."

"போனா? எங்க ஆஸ்பத்திரியில அப்படி யாரும் இல்லையே!"

மணி பத்து. அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

"கை கழுவியாச்சா?"

குரல் போனில் மட்டுமல்ல, எதிர் பெஞ்சிலிருந்தும் கேட்டது. அங்கே காதில் போனோடு ஓர் அம்மா, நேராக இவர் பக்கம் முகத்தை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். லேத்காரர் சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?" என்றார் அந்த அம்மா கவலையோடு, போனில்.

நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இவங்களா! உங்க பக்கத்துக் கட்டில்ல, திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க. நீங்க என்கிட்ட நம்பர் சொன்னதைக் கேட்டிருப்பாங்க. உங்களை மாதிரியே இவங்களுக்கும் இருந்தது ஒத்தக் கண்ணுதான் சார்; உங்களுக்கு முன்னாடியே இதே ஆபரேஷன் ஆகி, சிவப்பு போயிடுச்சேன்னு பத்தாம் நாளே மருந்தை நிறுத்தி, அதையும் பறிகொடுத்துட்டுத்தான் அப்போ இங்கே படுத்திருந்தாங்க."