கை பிடிக்க அனுமதி

அறையில் இருப்பவர்கள் நான்கு பேர்: கதிர்காமு, அவருடைய மகள் நிலுஷா, சிகிச்சையாளர்கள் கிர்ஸ்டன், யெஸ்பர். கோபன்ஹேகனின் மங்கிய பிற்பகல் வெளிச்சம் கட்டிலில் கிடக்கும் கறுப்புக் கண்பட்டியின் மேல் விழுகிறது. மூன்று வருட மனச்சோர்வுக்கு எந்த மாத்திரையும் பலன் தராததால், அடுத்த கிழமை நிலுஷா மனதை மயக்கும் காளான் மருந்தை விழுங்கிவிட்டு, அந்தப் பட்டியைக் கண்ணில் கட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் அங்கே படுத்திருப்பாள். இன்று அதற்கான ஆயத்தம். “பயம் வந்தால் கையைப் பிடிக்கலாமா?” என்று யெஸ்பர் டேனிஷில் கேட்கிறான். கோட்டுப் பொத்தானைக் கழற்றாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் கதிர்காமுவின் பார்வை அவனுடைய கையை விட்டு நகரவில்லை. “மயங்கிக் கிடக்கிற பிள்ளையிலை ஆர் கை வைச்சாலும் ஆருக்குத் தெரியும்? நானும் இருப்பன்.” “உங்கடை கண்ணுக்கு எல்லாரும் கள்ளர்தான், அப்பா.” “கள்ளன் நெத்தியிலை எழுதி ஒட்டிக்கொண்டே வாறவன்?” அவர் சொன்னதை நிலுஷா டேனிஷில் சொல்கிறாள். கிர்ஸ்டன் சம்மதப் படிவத்தை அவள் பக்கம் தள்ளி, “நீ என்ன விரும்புகிறாய்?” என்கிறாள். கிர்ஸ்டன் மட்டும் கையைப் பிடிக்கலாம் என்று நிலுஷா எழுதுகிறாள். பேனாவை வைத்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்புகிறாள். “நீங்கள் பக்கத்திலை இருந்தால் நான் அழமாட்டன், அப்பா. அண்டைக்கு வெளியிலை இருங்கோ.” டேனிஷ்காரர் கதிர்காமுவை வெளியே அனுப்பினார்கள் என்று புறநகர் டோஸ்ட்ருப்பில் தமிழர்கள் இப்போது கதைக்கிறார்கள். அது பொய். அனுப்பியது மகள்.